மாயப்பெட்டியும் மெய்யான விளம்பரமும்

அரிசி விற்பவன் ஒருபிடி அரிசியை உள்ளங்கையிற் பரப்பிக் காட்டுகின்றான். புடைவை விற்பவன் மடிப்பைப் பிரித்து ஒளியிற் பிடித்துக் காட்டுகின்றான். தளபாடம் செய்பவன், 'இருந்து பாருங்கள்' என்று கதிரையை இழுத்து வைக்கின்றான். காட்டக் காட்ட இவர்களுடைய பொருளுக்கு மதிப்பு ஏறும். காட்டிய மாத்திரத்தே மதிப்பிழந்து போகும் பொருளும் உலகில் ஒன்று உண்டு. மேடையிலே மாயவித்தை நிகழ்த்துவார்க்கு வேண்டிய பெட்டியும் பீடமும் மேசையுமே அப்பொருள். உள்ளே இன்னது இருக்கின்றது என்று சந்தையிற் கூவி விற்றால், வாங்கியவன் அதனைக் கொண்டுபோய் யார் முன்னே வைத்து வித்தை காட்டுவான்?

மறைக்க வேண்டியதை மறைத்துக்கொண்டே, சொல்ல வேண்டியதைச் சொல்லி விற்கும் இச்சிறு தொழிலைப்பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வாம். விழா மலரிலே சமயமும் இலக்கியமும் கல்வியும்பற்றி அறிஞர் பலர் எழுதுவர். தமிழாசிரியன் ஒருவன் மாயப்பெட்டி வணிகத்தைப்பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். எனக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு. அஃது ஒரு பிழையால் வந்த தொடர்பு. பிழை என்னுடையது.

எம்மேடையிலும்

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் ஒருநாள் மாலை வீடு தேடி வந்தார். வகுப்பிலே புணர்ச்சி விதிகள் அவருக்குப் பகை. கையிலே உளியும் வாளும் பிடித்தால் அவருக்கு நிகர் அவரே. தகப்பனார் தச்சுத் தொழிலாளர். உள்ளே போன சிறுவன் மறைந்துவிடும் பெட்டியொன்றைக் கல்லூரி நாடகத்துக்கென மாணவனாயிருந்த காலத்திலேயே செய்து, அதிபர் முதலாக எல்லாரையும் திகைக்க வைத்தவர். பின்னர்ச் சிறு பட்டறை ஒன்று வைத்து, வித்தைக்காரருக்கும் நாடக மன்றங்களுக்கும் இத்தகைய கருவிகளைச் செய்யலானார்.

"ஐயா, பெட்டி செய்ய எனக்குத் தெரியும். எழுதி விக்கத் தெரியாது. ஒரு விளம்பரம் எழுதித் தாங்கோ" என்றார்.

எனக்குப் பெருமிதம் உண்டாயிற்று. அன்றிரவே எழுதினேன். 'எம்மேடையிலும், எச்சபையிலும், எவர் கண்ணுக்கும் புலப்படாது மறைக்கும் இணையற்ற மாயப்பேழை' என்று தொடங்கி, எதுகையும் மோனையும் பொருந்த ஒரு பக்கத்தை நிரப்பினேன். அச்சுக்கூடத்தார் வாசித்து மெச்சினர். துண்டுப்பிரசுரம் ஊரூராகப் போயிற்று.

வெளியூர் நாடக மன்றம் ஒன்று பேழையை வாங்கியது. அவர்களுடைய மண்டபத்திலே சபையார் மேடைக்கு முன்னால் மட்டுமன்றி, இரு பக்கங்களிலும் வாங்குகளில் இருப்பது வழக்கம். பேழையோ முன்னால் இருப்பார்க்கென்றே செய்யப்பட்டது. வித்தை நடந்தபோது நடுவில் இருந்தோர் வியந்தனர். பக்கத்து வாங்கிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "பெடியன் உள்ளுக்குத்தான் நிக்கிறான்!" என்று கூவினான். சபை சிரித்தது. பேழை திரும்பி வந்தது. மாணவர் முழுப் பணத்தையும் கொடுத்தார். ஏற்றியிறக்கிய கூலியையும் தாமே ஏற்றார். இரண்டு மாத உழைப்பு அதனோடு போயிற்று.

அவர் என்னை ஒரு சொல்லாலும் குறை கூறவில்லை. மறுமுறை அச்சிடுமுன் அத்தாளை என்முன் வைத்து, "ஐயா, 'எம்மேடையிலும்' எண்டதை மட்டும் வெட்டிவிடுவமே?" என்று கேட்டார். அவருடைய கட்டுரைகளிலே சிவப்பு மையால் எத்தனையோ சொற்களை வெட்டியவன் நான். என் கட்டுரையில் அவர் வெட்டியது ஒரே சொல். இலக்கணத்தில் அச்சொல் பிழையன்று, உண்மையிற் பிழை.

இத்தொழிலை மற்றை நாட்டார் எவ்வாறு நடத்தினர் என்று அன்று தொடங்கித் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் மாணவருக்குப் பயன்படத்தக்க சிலவற்றை முறைப்படுத்திக் கூறுவேன்.

சபை இரண்டு

செப்பு என்பது சிமிழ். சிமிழும் பந்தும் கொண்டு காட்டும் வித்தை செப்பிடுவித்தை எனப்பட்டது. வீதியோரத்தில் அதனைக் காட்டுவோனுக்குப் பெரும் பட்டறை வேண்டியதில்லை. மேடையும் திரையும் பேரொளி விளக்கும் வந்து, ஆளையே மறைக்கவும் மிதக்கவிடவும் வேண்டியபோது, கருவி செய்வோர் தனித் தொழிலினர் ஆயினர். அப்பொழுது சபையும் இரண்டாயிற்று. வித்தைக்காரனுக்குச் சபை பொதுமக்கள். கருவி செய்பவனுக்குச் சபை வித்தைக்காரன். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே இத்தொழிலில் விளம்பரம் எழுதுவோர் செய்யும் முதற்பிழை. நான் செய்ததும் அதுவே.

பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யும் முறை வேறு. இலண்டனிலே பேர்சி தோமஸ் ரிபிள்ஸ் என்பார், தம் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துக்களைக் கடைமுதலாகத் திருப்பி, இரட்டித்த எழுத்தில் ஒன்றை நீக்கி, 'செல்பிற்' என்று மேடைப்பெயர் வைத்துக்கொண்டவர். 1921ஆம் ஆண்டு தை மாதம் 17ஆம் நாள், பின்ஸ்பரி பார்க் எம்பயர் என்னும் அரங்கிலே, பெட்டியுள் அடைத்த பெண்ணை வாளால் இரண்டாக அறுக்கும் வித்தையைப் பொதுமக்களுக்கு முதன்முதலாகக் காட்டினார். அரங்க வாயிலில் நோயாளர் வண்டியை நிறுத்தினார். முன்மண்டபத்தில் தாதியர் உடையணிந்தோரை உலவவிட்டார். காட்சிகளுக்கிடையே குருதிபோன்ற நீரை வாளியிற் கொணர்ந்து தெருவோர வாய்க்காலில் ஊற்றுவித்தார். வீதியிற் போனோர் நின்றனர். நின்றோர் சீட்டு வாங்கினர்.

வங்காளத்து வித்தைக்காரர் பி. சி. சர்க்கார் வரலாறும் இத்தகையது. 1956ஆம் ஆண்டு சித்திரை மாதம் 9ஆம் நாள், பிபிசியின் 'பனோரமா' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே, மேசையிற் கிடத்திய பெண்ணைச் சுழலும் வட்டவாளால் அறுத்துக் காட்டினார். அறுத்தபின் அவளை எழுப்பிக் காட்டுமுன் நிகழ்ச்சி முடிந்துவிட்டது. பெண் இறந்தாளோ என்று அஞ்சிய மக்கள் தொலைபேசியில் அழைத்தபடி இருந்தனர். மறுநாட் பத்திரிகைகள் அதனை முதற்பக்கத்தில் இட்டன. இலண்டன் டியூக் ஒவ் யோர்க் அரங்கிலே அவர் நடத்தவிருந்த காட்சிகளுக்குச் சீட்டுக்கள் விற்றுத் தீர்ந்தன.

இவை சாமர்த்தியமான விளம்பரங்கள். இவற்றைப் பொய் என்று வைதல் ஆகாது. ஏனெனின், சபையார் ஏமாறுவதற்கென்றே காசு கொடுத்து உள்ளே வருகின்றனர். ஏமாற்றம் முடிந்தபின் மகிழ்ந்து வீடு செல்கின்றனர். வித்தைக்காரன் கருவியை வாங்க வரும்போது அவன் நிலை வேறு. அவன் தான் ஏமாறாமலிருத்தற்குக் காசு கொடுக்கின்றான். தன் மானத்தையும் வயிற்றையும் அப்பெட்டியின் கீலிலும் தாழ்ப்பாளிலும் வைக்கின்றான். செல்பிற் தெருவில் ஊற்றிய செந்நீரைக் கருவி செய்பவன் தன் விலைப்பட்டியலில் ஊற்றலாகாது.

வாங்குவோனின் மேடை

கருவி நன்றாயிருந்தால் மட்டும் போதாது. வாங்குவோனுடைய மண்டபத்திலே அது பொருந்துதல் வேண்டும். இதனை என்றி டேர்க்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் வரலாறு நன்கு காட்டும்.

பெரிய கண்ணாடித் தகடொன்றைத் தக்கவாறு நிறுத்தி, சபையார் கண்ணுக்கு மறைந்த இடத்தில் நிற்கும் நடிகன்மேல் ஒளியைப் பாய்ச்சினால், அவனுடைய சாயல் மேடையிலுள்ள மெய்யான நடிகர் நடுவே ஆவிபோலத் தோன்றும். ஒளியை மறைத்தால் ஆவியும் மறையும். இவ்வமைப்பை டேர்க்ஸ் 1858ஆம் ஆண்டில் அறிஞர் சங்கத்துக்கு எடுத்துரைத்தார். அரங்குகளுக்கு அதனை விற்க முயன்றார். ஒருவரும் வாங்கவில்லை. அவருடைய அமைப்பின்படி சபையார் உயரத்திலிருந்து பார்த்தல் வேண்டும்; அதற்கு அரங்கையே இடித்துக் கட்டவேண்டியிருந்தது. ஓர் ஆவியை வாங்குவதற்காக மண்டபத்தை இடிக்க யார் உடன்படுவர்?

இலண்டன் றோயல் பொலிரெக்னிக் நிலையத்திலே விரிவுரையாற்றிய யோன் என்றி பெப்பர் என்பார் இம்மாதிரியைக் கண்டார். கண்ணாடியைச் சாய்த்து வைத்து, மேடைக்கு முன்னே தாழ்ந்த பள்ளத்தில் நடிகனை நிறுத்தினால், உள்ள மண்டபத்தை உள்ளபடியே வைத்துக்கொண்டு ஆவியைக் காட்டலாம் என்று உணர்ந்தார். 1862ஆம் ஆண்டு மார்கழி மாதம் 24ஆம் நாள் அவ்வித்தை அங்கே அரங்கேறியது, பெருங்கூட்டம் திரண்டது. 1863இல் இருவர் பெயராலும் உரிமை பதியப்பட்டது. வருவாயிற் பங்கு வேண்டாவென டேர்க்ஸ் எழுதிக் கொடுத்தார். புகழ் மட்டும் தமக்கு வரும் என நம்பினார் போலும். புகழும் வரவில்லை. இன்றுவரை உலகம் அதனைப் 'பெப்பரின் ஆவி' என்றே வழங்குகின்றது.

டேர்க்ஸ் அறிவிற் குறைந்தவர் அல்லர். கருவியைப்பற்றி எல்லாம் அறிந்திருந்தார். வாங்குவோனுடைய கூரையையும் இருக்கையையும் பணப்பையையும் அறிந்திலர். ஆகவே, பெட்டி செய்வோன் விற்பனையைத் தன் பட்டறையிலே தொடங்குதல் கூடாது. வாங்குவோன் மண்டபத்திலே தொடங்குதல் வேண்டும். மேடையின் அகலம் எவ்வளவு? சபையார் எங்கே இருக்கின்றனர்? தளம் மரமா, சீமெந்தா? விளக்கை அணைக்க இயலுமா? ஒவ்வோர் ஊராகப் போகின்றவனாயின், எவ்வகை வண்டியில் ஏற்றுகின்றான்? இவ்வினாக்களைக் கேட்டபின்னரே அளவுகோலை எடுத்தல் நன்று.

இரகசியத்துக்கு வேலி

இத்தொழிலிலே மரத்தின் விலை சிறிது. மறையின் விலை பெரிது. அம்மறையைக் காப்பது எங்ஙனம்? நாட்டுச் சட்டம் காக்கும் என்று நம்பியவர்களுள் ஒருவர் ஹொறஸ் கோல்டின். செல்பிற் இலண்டனிற் பெண்ணை அறுத்த அதே 1921ஆம் ஆண்டில், கோல்டின் நியூயோர்க்கிலே தம்முடைய அமைப்பு ஒன்றால் அவ்வித்தையைக் காட்டிப் பெரும்பணம் ஈட்டினார். பிறர் அதனைப் பின்பற்றாதிருக்குமாறு, பேற்றன்ற் எனப்படும் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்து 1923இற் பெற்றார்.

ஆக்கவுரிமை ஒரு விசித்திரமான வேலி. 'இக்கருவியை நீயே செய்து விற்கலாம்' என்று அரசு சொல்லும். அதற்குக் கைம்மாறாக, 'கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதைப் படத்தோடு எழுதித் தா. அதனை எவரும் பார்க்கலாம்' என்றும் சொல்லும். நெல்லரைக்கும் பொறிக்கு இது தகும். மாயப்பெட்டிக்கோ, வேலி கட்டவந்தவனே கதவைத் திறந்து வைத்ததாய் முடியும். அவ்வாறே முடிந்தது. 1933ஆம் ஆண்டிலே பெரிய சிகரெட் நிறுவனம் ஒன்று, மாயவித்தைகளின் உட்பொருளை வெளியிட்டுக் காட்டும் விளம்பர வரிசையொன்றைப் பத்திரிகைகளில் நடத்தியது. பெண்ணை அறுக்கும் வித்தையும் அதில் வந்தது. கோல்டின் வழக்குத் தொடுத்தார். 1938இல் நியூயோர்க்கிலுள்ள நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. உரிமைப் பத்திரத்தில் தாமே உலகறிய எழுதிக் கொடுத்ததைப் பின்னர் இரகசியம் என்று கூறுதல் பொருந்தாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

கோல்டின் சட்டத்தில் தோற்றார், தொழிலில் தோற்றாரல்லர். பெட்டி வித்தை பலர் கைக்குப் போயிற்று எனக் கண்டு, பெட்டியே இல்லாமல் வட்டவாளால் அறுக்கும் புதுவித்தையை முன்னரே அமைத்துக்கொண்டார். சர்க்கார் 1956இற் காட்டியதும் இவ்வகையினதே. பழைய இரகசியம் சந்தைக்கு வந்தால் புதியதொன்றைப் பட்டறையில் வைத்திருத்தலே உறுதியான வேலி.

இன்னொரு வழியும் உண்டு. றொபேட் ஹாபின் என்பார் 1965ஆம் ஆண்டளவில் ஒரு நிலைப்பேழையை அமைத்தார். அதனுள் நிற்கும் பெண்ணின் நடுவுடல் ஒரு பக்கமாக இழுக்கப்பட்டு நிற்கும். முகமும் கைகாலும் அசைந்துகொண்டே இருக்கும். பலர் கேளாமலே அதனைப் பார்த்துச் செய்தனர். அவர் 1970இலே தம் வித்தைகள் அடங்கிய நூலொன்றை ஐந்நூறு படிகள் மட்டும் அச்சிட்டு விற்றார். நூலை வாங்கியவருக்கே பேழையைச் செய்துகொள்ளும் அனுமதியும் உரியதாயிற்று. அவர் விற்றது தாளும் அன்று, மரமும் அன்று, உரிமை. திருடுவோர் திருடிக்கொண்டேயிருந்தனர். ஆயினும், நேர்மையாக வாங்க விரும்புவோனுக்கு ஒரு நேர்வழி திறந்திருந்தது. வாங்குவோருட் பலர் நேர்மையாளரே. அவர்களுக்கு வழி வைக்காமற் கள்வரை மட்டும் வைது பயனில்லை.

கோலன் என்னும் சிற்றூர்

அமெரிக்காவிலே மிச்சிகன் மாநிலத்தின் தென்பாகத்தில் கோலன் என்றோர் ஊர் உண்டு. குடிமக்கள் ஆயிரத்துச் சொச்சம். பெருநகரம் அயலில் இல்லை. மாயக்கருவி விற்பவன் அங்கே கடை வைத்தால், அவனைப் பித்தன் என்றே ஊர் சொல்லும். ஆயினும், இன்று அவ்வூர் தன்னை உலகின் மாயவித்தைத் தலைநகர் என்று கூறிக்கொள்கின்றது.

ஹரி பிளாக்ஸ்ரோன் என்னும் புகழ்பெற்ற வித்தைக்காரர் 1920களின் நடுப்பகுதியில் அங்கே நிலம் வாங்கி, கோடைகாலத்திலே தம் குழுவோடு தங்கி, கருவிகளைப் பழுதுபார்த்து வந்தார். அவரைக் காணச் சென்ற அவுஸ்திரேலியரான பேர்சி அபொட் அவரோடு கூட்டாகத் தொழில் தொடங்கினார். கூட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. இருவரும் பிணங்கினர். அபொட் ஊரைவிட்டுப் போகவில்லை; சொந்தமாகத் தொழிலை நடத்தினார். 1934இல் றெசில் போர்ட்னர் என்பார் பங்காளரானார்.

பெருநகரத்துக் கடைக்காரனுக்கு வாயிலில் ஆள் நடமாட்டம் உண்டு. அபொட்டுக்கு அது இல்லை. ஆகவே, மூன்று செயல் செய்தார். ஒன்று, விரிவான விலைப்பட்டியலை அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினார். சிறு கைக்குட்டை வித்தை முதலாகப் பெரும் பேழை ஈறாக அதில் இருந்தது. இரண்டு, 1936இல் 'த ரொப்ஸ்' என்னும் மாதவெளியீட்டைத் தொடங்கினார். அதில் வித்தைகளும் செய்திகளும் இருந்தன. தம் பொருள்களின் விளம்பரமும் இருந்தது. பட்டியலை ஒருமுறை பார்த்து மூலையிற் போடுவோரும் வெளியீட்டை மாதந்தோறும் எதிர்பார்ப்பர். மூன்று, 1934 முதலாக ஆண்டுக்கொருமுறை வித்தைக்காரரைத் தம் ஊருக்கு அழைத்துப் பட்டறையைத் திறந்து வைத்தார். அவர்களும் வந்தனர், தங்கினர், ஒருவர் வித்தையை ஒருவர் கண்டனர்.

இம்மூன்றாவதன் நுட்பத்தை நோக்குக. கடைக்காரன் கூறும் புகழ்ச்சியை எவரும் பாதிதான் நம்புவர். தன்னைப்போன்ற வித்தைக்காரன் ஒருவன் மேடையில் அக்கருவியை இயக்கக் காண்பவனோ முழுவதும் நம்புவான். அன்றியும், விரும்பிய இருக்கையில் இருந்து பார்க்கலாம். நடுவில் இருந்து பார்த்தவன் அடுத்த நாள் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். எம்முடைய பேழையை வாங்கிய மன்றத்தாருக்கு அத்தகைய ஒரு நாள் கிடைத்திருந்தால், அது வெளியூர் போய்த் திரும்பியிராது.

அபொட் 1959இலே தம் பங்கைப் போர்ட்னருக்கு விற்று, அடுத்த ஆண்டிற் காலமானார். கூட்டம் அவரோடு முடியவில்லை. பிணங்கிப் பிரிந்த பிளாக்ஸ்ரோனும் 1965இற் காலமானபின் கோலன் ஊர் மயானத்திலேயே துயில்கின்றார். வேறு வித்தைக்காரர் பலரும் அங்கே அடக்கம் பெற்றுள்ளனர். வாங்க வந்தவர் உறவினராகி, உறவினர் ஊராராயினர். இதனினும் சிறந்த விளம்பரத்தை எந்த அச்சுக்கூடம் அச்சிடும்?

பட்டியலில் வேண்டுவன

மாயக்கருவியின் விலைப்பட்டியலில் இருத்தற்குரியவை இரு பகுதியின. முதற்பகுதி, சபையார் காண்பது யாது என்பது. இதனைச் சபையிலிருந்து பார்ப்பவன்போல எழுதுதல் வேண்டும். 'நுண்பொறி', 'அரிய அமைப்பு' என்றெல்லாம் எழுதுவதால் வாங்குவோனுக்கு ஒரு காட்சியும் தோன்றாது. 'வெறும் பேழை, கதவு சாத்தப்படுகின்றது, திறந்தால் ஆள் இல்லை' என்றால் அவன் தன் மேடையிலே அதனைக் கண்டுவிடுவான். வழியை மறைத்து விளைவை விற்றல் என்பது இதுவே.

இரண்டாம் பகுதி, வித்தைக்காரனுக்கு வேண்டியவை. சபையார் எவ்வெவ்விடத்தில் இருக்கலாம், உதவியாளர் எத்தனைபேர், பூட்டி நிறுத்த எவ்வளவு நேரம், எடை எவ்வளவு, எத்தனை பகுதியாகக் கழலும், ஒத்திகை எத்தனை நாள் வேண்டும் என்பன. இவற்றுள் ஒன்றும் இரகசியத்தை வெளியிடாது. ஆனால் ஒன்றை மறைத்தாலும் வாங்குவோன் கெடுவான். மறைக்கத்தக்கது எது, மறைக்கத்தகாதது எது என்பதற்கு இதுவே எல்லைக்கல்.

விலையைப்பற்றியும் ஒரு சொல். பெரும்பேழையை வாங்கியவன் அதனையே பல்லாண்டு வைத்திருப்பான். மறு ஆண்டும் வரமாட்டான். ஆகவே, பெரும்பேழையை மட்டும் நம்பிய பட்டறையில் அடுப்பு நாள்தோறும் எரியாது. கைக்கடக்கமான சிறு வித்தைப் பொருள்களை எப்போதும் செய்து வைத்தலும், பெரியவற்றை முற்பணம் பெற்றே தொடங்குதலும், பழுதுபார்த்தலை ஒரு வருவாயாகக் கொள்ளுதலும் நன்று. விலையிலே பலகை, கண்ணாடி, கூலி ஆகியவற்றோடு, தவறிப்போன முதன்முயற்சிகளின் செலவும் சேர்தல் வேண்டும். அதைச் சேர்க்க வெட்கப்படும் கைவினைஞர் பலரை நான் அறிவேன்.

இக்காலத்திலே கைத்தொலைபேசியிற் படம்பிடித்து உலகெங்கும் அனுப்பலாம். என் மாணவரும் அவ்வாறு செய்கின்றார். அஃது எளிது; ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. படக்கருவி ஓரிடத்தில் நிற்பது. சபை ஓரிடத்தில் இருப்பதன்று. நடுவில் நின்று பிடித்த படம், ஒரு சொல்லும் பேசாமலே 'எம்மேடையிலும்' என்று சொல்லிவிடும். இப்போது அவர் நடுவிலிருந்து ஒன்றும், வித்தை செல்லுபடியாகும் கடைசி இருக்கையிலிருந்து ஒன்றுமாக இரண்டு படம் பிடிக்கின்றார். அந்த இருக்கைக்கு அப்பால் ஆள் இருத்தல் ஆகாது என்று எழுதியும் விடுகின்றார்.

திருத்திய விளம்பரம்

என் விளம்பரத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து திருத்தினோம். ஒரு பக்கம் சில வரிகளாய்ச் சுருங்கிற்று. மாணவருக்குப் பயன்படுமாதலின் அதனை அப்படியே தருகின்றேன்:

'மறையும் பேழை. சபையார் காண்பது: வெறும் பேழையைத் திறந்து காட்டுகின்றீர்கள். பத்து வயதுச் சிறுவன் உள்ளே செல்கின்றான். கதவைச் சாத்தித் திறக்க, சிறுவன் இல்லை. உங்களுக்கு வேண்டியவை: பன்னிரண்டடி அகலமான மேடை; உதவியாளர் ஒருவர்; பூட்டி நிறுத்த அரை மணி நேரம்; மூன்று நாள் ஒத்திகை. நான்கு பகுதியாகக் கழன்று சிறு வானில் ஏறும். சபையார் முன்னால் மட்டும் இருத்தல் வேண்டும். பக்கங்களில் இருப்பாராயின் இதனை வாங்கவேண்டாம். பழுதானாற் பட்டறையில் திருத்தித் தரப்படும். உள்ளமைப்பு வாங்கியவருக்கு மட்டும் சொல்லப்படும்.'

'வாங்கவேண்டாம்' என்ற இடத்தில் மாணவரின் பேனா நின்றது. "ஐயா, நாங்களே வாங்கவேண்டாம் எண்டு எழுதினால் ஆர் வாங்குவினம்?" என்றார். எனக்கும் விடை தெரியவில்லை. அவருடைய பிழைப்பை வைத்து என் அறநெறியைச் சோதிப்பது முறையோ என்று அன்றிரவு எண்ணிக் கிடந்தேன். காலையில் அவரே அச்சுக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அவ்வரியை வெட்டவில்லை.

முன்போலப் பல கடிதங்கள் வரவில்லை. வந்தவர்கள் அளவைக் கேட்டு, மேடையைச் சொல்லி, காரியமாக எழுதினர். ஒரு கடிதம் மட்டும் வேறுவகையாக இருந்தது. 'எங்கள் மண்டபத்தில் ஆட்கள் பக்கங்களிலும் இருப்பது வழக்கம். மூன்று பக்கத்தார்க்கும் பொருந்துவதாக ஒன்று செய்து தருவீர்களா? விலை சற்றுக் கூடினும் தாழ்வில்லை' என்று எழுதப்பட்டிருந்தது. அனுப்பியோர் யாரெனப் பார்த்தோம். முதற்பேழையைத் திருப்பி அனுப்பிய அதே மன்றத்தார்.

'வாங்கவேண்டாம்' என்ற வரியே அவர்களை மீண்டும் வரவைத்தது. புதுப்பேழையைச் செய்ய மாணவருக்கு ஐந்து மாதம் சென்றது. அதற்குரிய விளம்பரத்தை அவரே எழுதினார். புணர்ச்சிப் பிழை இரண்டு இருந்தன. அவற்றை மட்டும் திருத்தினேன். வேறொன்றையும் தொடவில்லை.

வணிகருக்கென வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்திலே ஒரு குறள் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே நல்ல வாணிகம் என்பது அதன் கருத்து. பல ஆண்டுகளாக அதற்குப் பதவுரையும் பொழிப்புரையும் சொல்லிக்கொடுத்து வந்தேன். வாங்குவோன் மேடையைத் தன் மேடைபோல எண்ணிப் பார்த்தல் என்று அதற்கு இன்னுமோர் உரை உண்டென்பதை, வகுப்பிலே கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவரிடம் பின்னாளிற் கற்றேன். தொழில் நடத்தும் பழைய மாணவர்களும், நாளை தொழில் தொடங்கவிருக்கும் இளைஞரும், தத்தம் விளம்பரத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை வாசித்து, அதில் ஓர் 'எம்மேடையிலும்' இருக்கின்றதா என்று பார்ப்பார்களாக. இருப்பின், வெட்டிவிடுக.